கணினிக்குத் தாயத்து விற்பவர்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்களில் ஒருவர் வங்கி அதிகாரி, ஒருவர் வட்டாட்சியர், இன்னொருவர் துபாயிலிருந்து இதற்காகவே வந்திருக்கிறார். நான் மயிலாடும்பாறையில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். ஜெராக்ஸ், பட்டா சிட்டா, பரீட்சை விண்ணப்பம், அதோடு கம்ப்யூட்டர் ரிப்பேர். வருசநாடு, கடமலைக்குண்டு, குமணன்தொழு, முருக்கோடை என்று வைகை உற்பத்தியாகும் மலையடிவாரம் வரைக்கும் உள்ள ஊர்க்காரர்கள் மஞ்சப்பையில் லேப்டாப்பைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். 2011-இல் அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிய பிறகு எங்கள் பக்கம் பல வீடுகளில் முதல் கணினி அப்படித்தான் நுழைந்தது. செயலாளர் போனில், "உனக்குத் தெரிஞ்சதைப் பேசுப்பா" என்றார். எனக்குத் தெரிந்தது, அந்த மஞ்சப்பையைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்பதுதான். பத்துக்கு மூன்று பையில் இன்றைக்கும் இருப்பது, "உங்கள் கணினியைச் சீர்செய்கிறேன், வேகப்படுத்துகிறேன்" என்று சொல்லி உள்ளே புகுந்த போலி மென்பொருள். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். ஊர் வேண்டாம், நிறையப் பேருக்கு அவரைத் தெரியும். லேப்டாப்பைத் திறந்ததும் திரை முழுக்கச் சிவப்பு. "1,386 பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டன. கணினி நிலை: அபாயம்." கீழே பச்சை நிறத்தில் ஒரு பொத்தான், இப்போதே சரிசெய் என்று. ஐயா சொன்னார்: "ஏற்கெனவே ஒரு தடவை பணம் கட்டிட்டேன்பா. கட்டுனதும் பூஜ்யம்னு காட்டுச்சு. மறு மாசமே தொள்ளாயிரம் வந்துருச்சு. இப்ப ஆயிரத்தைத் தாண்டிருச்சு. பேரன் போட்டோவெல்லாம் உள்ள இருக்கு, அழிஞ்சு போயிருமோ?"

அந்த 1,386 என்ன என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து பட்டியலைப் பிரித்துப் பார்த்தோம். பாதிக்கு மேல் குக்கீ. நீங்கள் ஒரு இணையதளத்துக்குப் போய்வந்தால் அது அடையாளத்துக்கு விட்டுப்போகும் சின்னத் துண்டுச்சீட்டு. அடுத்தது தற்காலிகக் கோப்புகள். விண்டோஸ் வேலை செய்யும்போது இறைத்துப் போடும் காகிதக் கசங்கல். மிச்சமெல்லாம் ரெஜிஸ்ட்ரியில் உள்ள பழைய பதிவுகள். ரெஜிஸ்ட்ரி என்றால் பயப்பட வேண்டாம். நம் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிற கணக்குப் புத்தகம் போன்றது. செத்துப்போனவர் பெயர் அதில் இன்னும் ஒரு வரியில் இருக்கும், விற்றுப்போன காட்டுக்குப் பழைய பெயரே கிடக்கும். அதனால் ஊர் இடிந்து விழுந்துவிடுமா? அந்த வரியை அடித்தால் ஊர் வேகமாக ஓடத்தான் செய்யுமா? ஆனால் தெரியாதவன் கையில் பேனாவைக் கொடுத்தால் உயிரோடு இருப்பவர் பெயரையும் சேர்த்து அடித்துவிடுவான். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் மென்பொருள்களை நாங்கள் ஆதரிப்பதில்லை என்று விண்டோஸை உருவாக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனமே சொல்லியிருக்கிறது.

1,386-இல் ஒன்று கூட வைரஸ் இல்லை. ஐயாவின் பேரன் போட்டோக்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரு பள்ளிக்காகப் புதிதாக வாங்கிய லேப்டாப் அப்போது கடையில் இருந்தது. பெட்டி பிரித்து அரை மணி நேரம்தான். அதே மென்பொருளை அதில் போட்டு ஸ்கேன் கொடுத்தேன். நானூறுக்கும் மேல் பிழைகளாம், நிலை அபாயமாம்! பிறந்த குழந்தைக்கு மூட்டுவலி என்பதுபோல. பிறகு அதை முழுக்கத் துடைத்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டுத்தான் பள்ளிக்குக் கொடுத்தேன்.

நம் பக்கம் கோடாங்கி உடுக்கடித்துக் குறி சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். "வீட்டு வாசல்ல வடகிழக்கு மூலையில ஒண்ணு பொதைஞ்சு கெடக்கு" என்பார். எடுத்துப் போடுபவரும் அவரே. தாயத்து கட்டுபவரும் அவரே. கோடாங்கியைப் பழிக்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். அவர் நம் ஊர்க்காரர், முகம் தெரியும், பலிக்கவில்லை என்றால் மறுநாள் டீக்கடையில் வைத்துக் கேட்டுவிடலாம். திரைக்குள் இருக்கும் இந்தக் கோடாங்கிக்கு முகமும் இல்லை, டீக்கடையும் இல்லை. நோயைக் கண்டுபிடிக்கும் கருவியும் மருந்துக்கடையும் ஒரே ஆளிடம் இருந்து, அந்தக் கருவியும் இலவசம் என்றால், நோய் இல்லை என்று அது ஒருநாளும் சொல்லாது.

இது இன்று நேற்று வந்ததல்ல. நாங்கள் மாணவராக இருந்த காலத்துக் கதை ஒன்று. 1995-இல் அமெரிக்காவில் சாஃப்ட்ராம்95 என்று ஒரு மென்பொருள் வந்தது. கணினியின் நினைவகத்தை இரட்டிப்பாக்கும் என்றார்கள். ராம் தங்க விலை விற்ற காலம் அது. ஜனங்கள் லட்சக்கணக்கில் வாங்கினார்கள். வல்லுநர்கள் பிரித்துப் பார்த்தபோது அது நினைவகத்தை இரட்டிப்பாக்கவே இல்லை என்று தெரிந்தது. 1996-இல் அந்த நாட்டு வர்த்தக ஆணையம் தலையிட்டது. அதிலாவது வெறும் ஆசை காட்டினார்கள். அடுத்து வந்தவர்கள் பயம் காட்டினார்கள். ஆசையை விடப் பயம் நன்றாக விற்கும் என்பதைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான்.

வின்ஃபிக்சர், எரர்சேஃப், டிரைவ்கிளீனர் என்ற பெயர்களை இங்கே பழைய பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எல்லாம் இன்னொவேட்டிவ் மார்க்கெட்டிங் என்ற ஒரே கூட்டம் விற்றவை. உக்ரைனில் கீவ் நகரில் முறையாக அலுவலகம் போட்டு நடத்தினார்கள். விளம்பர நிறுவனங்களிடம் நல்ல கம்பெனிகளின் பெயரைச் சொல்லி இடம் வாங்கி, வாசகர் பார்க்கும்போது மட்டும் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அங்கே போலி ஸ்கேன் ஓடும். 2008 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. ஏமாந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் என்றது. 2012-இல் வந்த தீர்ப்பில் விதித்த தொகை 16 கோடியே 30 லட்சம் டாலர். சிகாகோவில் 2010-இல் குற்றவியல் வழக்கும் பதிவானது.

சரி, இதெல்லாம் திருட்டுக் கூட்டம், பெரிய கடையில் போய்க் கேட்டால் பயமில்லை என்று நினைப்பீர்கள். ஆஃபீஸ் டிப்போ என்பது அமெரிக்காவில் ஊருக்கு ஊர் கிளை உள்ள பெரிய கடை. அங்கே இலவசமாகக் கணினிக்கு உடல்நலப் பரிசோதனை செய்து தந்தார்கள். ஸ்கேன் தொடங்கும் முன் வாடிக்கையாளரிடம் நான்கு கேள்வி. கணினி மெதுவாக இருக்கிறதா, விளம்பரம் தானாக வருகிறதா என்பது மாதிரி. நான்கில் ஒன்றுக்கு ஆம் என்று டிக் செய்தால் போதும், கடைசியில் "தீங்கு மென்பொருளின் அறிகுறி உள்ளது" என்று வந்துவிடும். ஸ்கேன் செய்து கண்டுபிடித்தது இல்லை அது, டிக் செய்ததால் வந்தது. மெதுவாக இருக்கிறது என்றுதானே ஒருவன் கடைக்கே வருகிறான்! 2019 மார்ச்சில் அந்தக் கடையும், மென்பொருளைத் தந்த நிறுவனமும் சேர்ந்து 3 கோடியே 50 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டன. 2024 மார்ச்சிலும் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு நிறுவனங்கள் இதே மாதிரி வழக்கில் 2 கோடியே 60 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கொண்டன. நல்ல கணினியிலும் கோளாறு இருக்கிறது என்று காட்டியது ஸ்கேன். நான் மயிலாடும்பாறையில் பள்ளி லேப்டாப்பில் பார்த்ததைத்தான் அவர்கள் வாஷிங்டனில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

இதுவரைக்கும் நாம் ஏமாறுகிற பக்கம். மாணவர்களே, அடுத்த பக்கத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். இது உங்களுக்காகவே.

திரையில் வரும் எச்சரிக்கையோடு ஒரு போன் நம்பரும் இருக்கும். கூப்பிட்டால் மரியாதையாகப் பேசுவார்கள். உங்கள் கணினிக்குள் தொலைவிலிருந்தே வர ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். உள்ளே வந்ததும் மூன்று வித்தை காட்டுவார்கள். மூன்றும் விண்டோஸில் எப்போதும் இருப்பவை. ஒன்று ஈவென்ட் வியூவர். அது விண்டோஸின் தினசரிக் குறிப்பேடு. சிவப்பும் மஞ்சளுமாகக் குறிகள் வரிசையாக இருக்கும். நல்ல கணினியிலும் இருக்கும். "பாருங்க, இத்தனை வைரஸ்" என்பார்கள். இரண்டாவது, கறுப்புத் திரையில் அசாக் என்று ஒரு கட்டளை. பட்டியலின் கடைசியில் நீளமான ஒரு எண் வரும். "இது உங்கள் கணினிக்கு மட்டுமே உள்ள லைசென்ஸ் எண், எங்களிடமும் இருக்கிறது, சரிபாருங்கள்" என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வார்கள். அது எல்லா விண்டோஸிலும் ஒரே எண்தான். மூன்றாவது நெட்ஸ்டாட். அதில் ஃபாரின் அட்ரஸ் என்று ஒரு பத்தி வரும். எதிர்முனையில் உள்ள கணினியின் முகவரி என்பது மட்டுமே அதன் பொருள். "வெளிநாட்டுக்காரன் உள்ளே வந்துட்டான்" என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள்.

இந்தக் குரல்களில் பெரும்பங்கு நம் நாட்டிலிருந்து போயின என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 2012 அக்டோபரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஆறு கூட்டங்கள் மீது வழக்குப் போட்டது. பெரும்பாலும் இந்தியாவிலிருந்து இயங்கியவை. 2018 அக்டோபரில் மைக்ரோசாப்ட் கொடுத்த புகாரின் பேரில் டெல்லி போலீசார் 10 போலி கால் சென்டர்களைச் சோதனை செய்தார்கள். அடுத்த மாதம் குருகிராம், நொய்டா போலீசார் இன்னும் 16. 2023 அக்டோபரில் சி.பி.ஐ. 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் நாடெங்கும் 76 இடங்களில் சோதனை நடத்தியதில், மைக்ரோசாப்ட், அமேசான் ஆட்கள் போல நடித்தவர்கள் மீதான வழக்குகளும் அடக்கம்.

எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன், இதே கல்லூரியில் பி.சி.ஏ. முடித்தவன். வடக்கே ஒரு நகரத்தில் 'தொழில்நுட்ப உதவி அலுவலர்' என்று வேலை கிடைத்தது. சம்பளம் 22,000, அதுபோக ஊக்கத்தொகை. அம்மா இலவங்காட்டுக் குத்தகைப் பணத்தில் டிக்கெட் போட்டுக் கொடுத்து அனுப்பினார். பதினோராவது நாள் ராத்திரி எனக்குப் போன். பயிற்சியில் கொடுத்த தாளை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். அதில் நான் இப்போது சொன்ன மூன்று வித்தையும் வரிசையாக எழுதியிருந்தது, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது உட்பட.

"அண்ணே, இந்தச் சிவப்புக் குறி எல்லாக் கம்ப்யூட்டர்லயும் இருக்குமா?"

கடையில் மூன்று கணினி இருந்தது. மூன்றிலும் திறந்து வீடியோவில் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னான்: அன்றைக்கு மதியம் பழகுவதற்காக ஒரு சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து அழைப்பைக் கேட்டானாம். எதிர்முனையில் ஒரு வயதான அம்மா. பயந்துபோய், "கொஞ்சம் இருப்பா, கார்டு நம்பர் படிக்கக் கண்ணாடி எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு மெதுவாக நடந்து போனாராம். அந்தச் செருப்புச் சத்தம் ஹெட்போனில் கேட்டது என்றான். "எங்க அப்பத்தா நடக்குற மாதிரியே இருந்துச்சுண்ணே."

அவன் சம்பளம் வாங்காமல் திரும்பிவிட்டான். சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் அலைக்கழித்தார்கள், ஆனாலும் வாங்கிக்கொண்டுதான் வந்தான். இப்போது தேனியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறான், பாதிச் சம்பளத்துக்கு. ஏன் திரும்பி வந்தான் என்று அவன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பெயரைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பதால் இத்தோடு விடுகிறேன். வேலைக்கு நேர்காணலுக்குப் போகும் மாணவர்கள் ஒன்று கேளுங்கள்: வாடிக்கையாளர் நம்மைத் தேடி வருவது எப்படி? திரையில் வரும் எச்சரிக்கையைப் பார்த்து வருவார்கள் என்று பதில் வந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.

இனி, வந்ததை விரட்டுவது எப்படி? பேனா வைத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும். உலாவியில், அதாவது குரோம் மாதிரியான ஒன்றில், திரை முழுக்கச் சிவப்பு வந்து சைரன் ஊதினால் அது பெரும்பாலும் வெறும் இணையப் பக்கம். ஒரு இணையப் பக்கத்தால் உங்கள் கணினியை ஸ்கேன் செய்து வைரஸ் எண்ண முடியாது. அதில் உள்ள எதையும் அழுத்த வேண்டாம், 'மூடு' என்று போட்டிருப்பதைக் கூட. எஸ்கேப் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். இல்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் உலாவியை முடித்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அம்புட்டுத்தான். திரையின் வலது கீழ்மூலையில் அடிக்கடி வைரஸ் எச்சரிக்கை துள்ளிக்கொண்டு வருகிறதா? எப்போதோ ஒரு தளத்துக்கு 'அறிவிப்பு அனுப்பலாம்' என்று அனுமதி கொடுத்திருப்பீர்கள். உலாவியின் அமைப்புகளில் அறிவிப்புகள் என்ற இடத்துக்குப் போய்த் தெரியாத தளங்களை எல்லாம் நீக்கினால் போதும். என் கடைக்கு "வைரஸ்" என்று வருவதில் நிறைய இதுதான். இதற்கு நான் காசு வாங்குவதில்லை.

உண்மையிலேயே மென்பொருள் உள்ளே உட்கார்ந்திருந்தால் வேலை கொஞ்சம் அதிகம். இணைய இணைப்பைத் துண்டியுங்கள். முக்கியமான போட்டோ, கோப்புகளை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அமைப்புகளில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய், நிறுவிய தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளில் என்னென்ன வந்தது என்று பார்த்தால் திருடன் மாட்டுவான். அவன் தனியாக வந்திருக்க மாட்டான். இலவச வீடியோ பிளேயர், பி.டி.எஃப் மாற்றி, டிரைவர் அப்டேட்டர் என்று எதனோடாவது ஒட்டிக்கொண்டு வந்திருப்பான், கூட்டாளிகளையும் எடுத்துவிடுங்கள். நீக்கும்போது கெஞ்சுவான், பாதி விலை என்பான், 'வைத்துக்கொள்' என்ற பொத்தானைப் பெரிதாகவும் 'நீக்கு' என்பதை எறும்பு அளவிலும் போட்டிருப்பான். நிதானமாகப் படித்து அழுத்துங்கள்.

போக மறுத்தால், ஷிஃப்ட் பொத்தானைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட் வழியாக ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வரை போய், 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடில் திறக்கும். அங்கே வைத்து நீக்குங்கள். பிறகு டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியையும், டாஸ்க் ஷெட்யூலரையும் பாருங்கள். இந்த இரண்டாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆளை அனுப்பிவிட்டோம் என்று நினைப்போம், அவன் தினமும் காலை 9 மணிக்கு எழுப்பச் சொல்லி எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பான். உலாவியில் தெரியாத நீட்சிகளையும் எடுங்கள். கடைசியாக விண்டோஸோடு வரும் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஒன்று கொடுங்கள். இன்னொரு கருத்து வேண்டுமென்றால் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் இருக்கிறது, அதற்குக் காசு இல்லை. ஆனால் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். தேடினால் மேலே வரும் விளம்பரத்தை நம்பி இறக்கி, ஒன்றுக்கு இரண்டாகக் கொண்டு வந்தவர்கள் உண்டு. இன்னொரு செய்தி: பயமுறுத்தி விற்கும் இத்தகைய மென்பொருள்களை 2018 மார்ச்சிலிருந்து டிஃபெண்டரே வேண்டாதவை என்று அடையாளம் கண்டு நீக்குகிறது. அதனால்தான் இவை முதல் வேலையாக டிஃபெண்டரை நிறுத்தச் சொல்கின்றன.

யாரையாவது தொலைவிலிருந்து உள்ளே விட்டிருந்தால் கதை வேறு. எனிடெஸ்க் மாதிரி அவர்கள் இறக்கச் சொன்னதை நீக்குங்கள். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அந்தக் கணினியிலிருந்தே மாற்றினால் புதுச் சாவியையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். வங்கியைக் கூப்பிட்டு அட்டையை முடக்குங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். வெட்கப்பட்டு ஒரு ராத்திரி தாமதித்தால் பணம் நாலு கணக்கு தாண்டிப் போய்விடும். எங்கள் தலைமையாசிரியர் ஐயா மாதிரிப் படித்தவர்கள்தான் அதிகம் தாமதிக்கிறார்கள், வெளியே தெரிந்தால் மானக்கேடு என்று.

அப்படியானால் கணினி மெதுவானது பொய்யா என்று ஐயாவும் கேட்டார். பொய் இல்லை, மெதுவாகத்தான் இருந்தது. உள்ளே பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், 4 ஜி.பி. ராம், விசிறியில் இலவம் பஞ்சு. எங்கள் பக்கம் பஞ்சு வெடிக்கும் சீசனில் எந்தக் கணினியைப் பிரித்தாலும் அது இருக்கும். ஒரு எஸ்.எஸ்.டி. மாற்றி, பிரஷ்ஷால் விசிறியைத் துடைத்தேன். இரண்டு நிமிஷம் எடுத்தது இருபது வினாடியில் திறந்தது. ஐயா பழக்கத்தில், "இப்ப எத்தனை பிழைப்பா காட்டுது?" என்றார்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அது உண்மைச் செய்தி. அதையே சாக்காக வைத்து "உங்கள் விண்டோஸ் காலாவதி, உடனே கூப்பிடுங்கள்" என்று பக்கங்கள் வருவதை இப்போது கடையில் பார்க்கிறேன். கூப்பிட்டுவிடாதீர்கள். உங்கள் கணினி விண்டோஸ் 11-க்குத் தாங்குமா என்பதை அமைப்புகளில் அப்டேட் பகுதியே சொல்லும்.

செயலாளர் கையைக் காட்டுகிறார், சாப்பாடு ஆறுகிறதாம். நூலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு மேஜை கேட்டிருக்கிறேன். இரண்டு மணியிலிருந்து பஸ் நேரம் வரைக்கும் அங்கே இருப்பேன். லேப்டாப் கொண்டு வந்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள், மாணவர்களில் மூன்று பேர் உதவிக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். சார்ஜரை மறக்காமல் கொண்டு வாருங்கள்.